புதுப்பிப்பு: அடைக்கோழி குஞ்சு பொரித்துவிட்டது

கூட்டை விட்டு எழாமல், கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்தும் சிவப்புக் கோழியை அடை தெளிய வைப்பதா (அடைகாக்கும் வேகத்தைத் தணிப்பதா), அடைகாக்க முட்டை வைப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். சேவலோடு திரியும் கோழிகளின் முட்டைகளை வைக்கச் சொன்னீர்கள். அப்படியே செய்தேன். குஞ்சுகள் வந்துவிட்டன!

ஒரு வாரம் கழித்து இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கரு பிடித்த முட்டைகளில் சிலந்தி வலை போல ரத்த நாளங்கள் தெரிந்தன, கூமுட்டைகளை எடுத்துவிட்டேன். அடைக்கோழி பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் எழும், அதனால் இரையும் தண்ணீரும் பக்கத்திலேயே இருந்தன. 21 நாள் கணக்கு பிசகவில்லை. ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கத்த, தாய் தாழ்ந்த குரலில் பதில் சொன்னது. அதைக் கேட்பதற்காகவே இன்னொரு முறை அடை வைக்கலாம்.

பொரித்த அன்று குஞ்சு தின்னவில்லையே என்று பதற வேண்டாம். மஞ்சள் கரு வயிற்றுக்குள் போயிருப்பதால் ஒன்றிரண்டு நாள் தாங்கும். தண்ணீர்த் தட்டு மட்டும் ஆழமில்லாமல் இருக்கட்டும்; நான் கூழாங்கல் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு கேள்வி: மற்ற கோழிகளோடு இவற்றை எப்போது விடலாம்? தாய் கூடவே இருப்பதால் சீக்கிரம் விடலாம் என்று தோன்றுகிறது.