தமிழ்நாடும் இங்கிலாந்தும்

குழு: நம்ம குடும்பம்
ஞாயிறு

ராஜு மாமா, காலை 7:42
கவின் அறையில் உலகப் படம் ஒட்டியாச்சு. கிரீன்லாந்தைப் பாருங்கள், ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கிறது!

நித்யா, 7:50
மாமா, அதை நம்பாதீர்கள். கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம் சதுர கி.மீ. ஆப்பிரிக்கா 3 கோடிக்கு மேல். 14 கிரீன்லாந்தை உள்ளே வைக்கலாம். நம் இந்தியாவே அதைவிட ஒன்றரை மடங்கு பெரியது.

ராஜு மாமா, 7:53
விரலை வைத்தே அளந்துவிட்டேன். படத்தில் அப்படி இல்லையே.

நித்யா, 7:55
இருக்காது. அது மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் 1569இல் போட்ட முறை. பூமத்திய ரேகையை விட்டு வடக்கேயோ தெற்கேயோ போகப் போக இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும்.

ராஜு மாமா, 7:56
அதானே! எல்லாம் வெள்ளைக்காரன் வேலை. தன் நாட்டைப் பெரிதாக்கிக்கொண்டான்.

நித்யா, 8:01
கப்பல்காரர்களுக்காகச் செய்தது மாமா. அதில் ஒரு நேர்க்கோடு போட்டால், திசைகாட்டியை அதே கோணத்தில் வைத்துக்கொண்டே போய்ச் சேரலாம். கடலில் அதுதான் முக்கியம், பரப்பளவு யாருக்கு வேண்டும்? பள்ளிக்கூடச் சுவருக்கு அதைக் கொண்டுவந்ததுதான் கோளாறு.

சாந்தி சித்தி, 8:09
ஏன் இழுக்க வேண்டும்? அப்படியே வரைந்தால் என்ன?

நித்யா, 8:14
சித்தி, குடைப் பாவாடைக்குத் துண்டு வெட்டுவீர்களே, இடுப்புப் பக்கம் குறுகலாக. உருண்டையைப் பிரித்தாலும் துருவத்துப் பக்கம் அப்படித்தான் குறுகும். அதை நீள்சதுரமாக்க அகலத்தில் இழுக்க வேண்டும். அகலத்தில் மட்டும் இழுத்தால் நாட்டின் வடிவம் கெடும், அதனால் நீளத்திலும் அதே அளவு இழுக்கிறார்கள். 60 டிகிரி அட்சரேகையில் இரண்டுக்கு இரண்டு, பரப்பு நான்கு மடங்கு.

சாந்தி சித்தி, 8:16
ஓ, இப்போது புரிகிறது. துணியாக இருந்தால் கிழிந்திருக்கும்.

மலர் அக்கா (லீட்ஸ்), 8:31
இப்போதுதான் எழுந்தேன், இங்கே விடியவே இல்லை. அப்போ நான் இருக்கும் இங்கிலாந்து?

நித்யா, 8:35
அக்கா, இதுதான் எனக்கே ஆச்சரியம். இங்கிலாந்து சுமார் 1,30,300 சதுர கி.மீ. தமிழ்நாடு 1,30,058. கிட்டத்தட்ட ஒரே அளவு! சுவர்ப் படத்தில் மட்டும் அது நம்மைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் தெரியும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் சேர்க்காத கணக்கு இது.

மலர் அக்கா, 8:37
நிஜமாவா? இங்கே ஏதோ பெரிய நாட்டுக்கு வந்த மாதிரியல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

நித்யா, 8:39
ஜனத்தொகையிலும் நாம்தான் அதிகம். 2011இலேயே 7.2 கோடி. இங்கிலாந்து 2021இல் 5.65 கோடி.

கவின், 8:44
அக்கா, அந்தப் படத்தில் வட துருவம் எங்கே?

நித்யா, 8:46
கிடையாது கவின். துருவத்தை அந்த முறையில் போட வேண்டுமானால் முடிவில்லாத உயரத்துக்குத் தாள் வேண்டும். எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

சாந்தி சித்தி, 8:50
பிள்ளைக்கு வேறு எந்தப் படம் வாங்குவது?

நித்யா, 8:53
2018இல் வந்த 'ஈக்குவல் எர்த்' நல்லது. பரப்பு சரியாக இருக்கும், வடிவம் கொஞ்சம் வளையும். ஆப்பிரிக்க ஒன்றியமும் 2025இல் மெர்கேட்டரை மாற்றச் சொல்லும் பிரசாரத்துக்கு ஆதரவு தந்தது. கவினுக்கு என்றால் உருண்டையே வாங்கிக் கொடுங்கள்.

ராஜு மாமா, 9:05
சரி, ரஷ்யா? அதாவது பெரிதுதானே?

நித்யா, 9:06
உலகிலேயே பெரிய நாடு, 1.71 கோடி சதுர கி.மீ. ஆனால் ஆப்பிரிக்காவோடு வைத்தால் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

ராஜு மாமா, 9:07
இதை மட்டும் நம்ப மாட்டேன். இரு, நானே பார்த்துவிட்டு வருகிறேன்.