ஆறு வயதுக்கு எந்தச் சேனல் போடலாம்?

மகளுக்கு எரிமலை வீடியோ ஒன்று போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால், திரையில் யாரோ பிளாஸ்டிக் முட்டையை உடைத்துப் பொம்மை எடுக்கிறார். இவள் வாயைப் பிளந்து பார்க்கிறாள். உருப்படியான சேனல் ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: சேனல் அப்புறம். முதலில், அடுத்த வீடியோ தானாக ஓடும் ஆட்டோபிளேயை அணையுங்கள். குழந்தைகளுக்கான யூடியூப் கிட்ஸ் செயலியில் நீங்களே அனுமதித்த வீடியோக்கள் மட்டும் வரும்படி வைக்கலாம். தேடும் வசதியும் போய்விடும். அந்தச் செயலியின் 5–8 வயதுப் பிரிவை மட்டும் நம்பாதீர்கள், அதில் பெரும்பாலும் இயந்திரம்தான் வடிகட்டுகிறது.

பதில்: எங்கள் வீட்டில் சைஷோ கிட்ஸ் (SciShow Kids) என்ற அறிவியல் சேனல். ஒரு கேள்வியை எடுத்து அதற்கு மட்டும் விடை சொல்வார்கள், கத்தல் கிடையாது. ஆங்கிலம்தான், பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வேன். நான் சேனலைச் சோதிப்பது எளிது: ஒலியை அணைத்து ஒரு நிமிடம் பார்ப்பேன். இரண்டு விநாடிக்கொரு முறை காட்சி தாவினால் வேண்டாம்.

கேட்டவர்: ஒலியை அணைத்துப் பார்த்தேன். அவளுக்குப் பிடித்த மூன்றில் இரண்டு அவுட்! எரிமலை மட்டும் தப்பியது. இப்போது மாவுக் கிண்ணத்தில் பள்ளம் தோண்டி, 'மாக்மா எங்கே?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.