பிரியாவிடை மலருக்கு ஒரு குறிப்பு: உதவி தேவை

குழும உறவுகளுக்கு வணக்கம். கிளிநொச்சியில் உயர்தரம் முடிக்கும் எங்கள் வகுப்பின் பிரியாவிடை மலரில், ஒவ்வொருவரைப் பற்றியும் அன்பும் கேலியும் கலந்த சிறு குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. முறிகண்டிக் கச்சானைப் பௌதிகவியல் பாடவேளையில் ஓசையின்றி உடைத்துத் தின்னும் வல்லவனையும், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதால்தான் தாமதமாகிவிட்டது என்று கடும் கோடையிலும் காரணம் சொன்னவளையும் எழுதுவது எளிதாகவே இருந்தது. ஆனால், கடைசி வாங்கில் அமைதியாக இருந்து, கேட்டவருக்கெல்லாம் தன் கொப்பியைக் கொடுத்துதவிய தோழியைப் பற்றிச் சிரிக்கும்படி எழுத எதுவும் அகப்படவில்லை. அவளை மட்டும் வெறும் புகழுரையோடு விட்டுவிடவும் மனமில்லை. உருவத்தையோ வீட்டு நிலையையோ தொடாமல், அவளது தாய் தகப்பனும் வாசித்துச் சிரிக்கக்கூடியவாறு எழுதத் தெரிந்தவர்கள் ஓரிரு மாதிரி வரிகளைத் தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பாசிரியர் பார்வையிட்ட பின்னரே மலர் அச்சுக்குப் போகும் என்பதால், கேலி சற்று அடக்கமாக இருப்பது நல்லது.