புதுச்சேரிக்கு எது விடுதலை நாள்: நவம்பர் 1ஆ, ஆகஸ்ட் 16ஆ?

வேல்முருகன்: 1947 ஆகஸ்ட் 15 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கிலும் பிரெஞ்சு ஆட்சிதான். ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1. அரசும் அதைத்தான் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. அப்புறம் ஆகஸ்ட் 16க்கு எதற்குத் தனி விழா?

நித்யா: 1954இல் வந்தது நிர்வாகம் மட்டும்தான், அண்ணா. ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஆறு வருடம் தூங்க வைத்தது. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அல்ஜீரியப் போர் நடக்கும்போது ஒரு காலனியைச் சட்டப்படி விட்டுக்கொடுத்தால் அதுவே முன்னுதாரணமாகிவிடுமே! 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 16இல் நம் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

வேல்முருகன்: அதெல்லாம் காகித வேலை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைப்பு வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அதோடு விஷயம் முடிந்தது.

பழைய தறிக்காரர்: வாக்களித்தது சட்டசபை, நகராட்சி உறுப்பினர்கள். மக்கள் இல்லை. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரிலாவது 1949இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. இங்கே மக்கள் பேச்சு என்றால் 1936 ஜூலை 30தான். அன்று போலீஸ் சுட்டதில் 12 மில் தொழிலாளர்கள் செத்தார்கள். கையெழுத்துத் தேதிக்கு இவ்வளவு சண்டை போடுகிறீர்கள், அந்த நாளை யார் பேசுகிறீர்கள்?

வேல்முருகன்: ஐயா, அது தொழிலாளர் போராட்டம், எட்டு மணி நேர வேலைக்காக. இணைப்போடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

பழைய தறிக்காரர்: அதை நடத்திய வ. சுப்பையாதான் பிறகு பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்தும் நின்றார். எப்படித் தம்பி பிரிப்பீர்கள்?

நித்யா: ஐயா சொல்வது நியாயம். ஆனால் காகித வேலை என்று அண்ணா தள்ளுவதை ஏற்க முடியாது. 1962க்கு முன் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டபோது, புதுச்சேரி இந்தியாவின் பகுதி இல்லை என்று இந்திய அரசே பதில் சொன்னது.

வேல்முருகன்: நீதிமன்றத்துக்கு அப்படி. ஊரில் இருந்தவனுக்கு?

நித்யா: ஊரில் இருந்தவனுக்கும்தான். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த ஆறு மாதத்தை 1962 ஆகஸ்ட் 16இலிருந்துதான் எண்ணினார்கள், 1954இலிருந்து இல்லை. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் எந்தக் குடும்பத்தையும் கேளுங்கள்.