ஃபுண்டோஷி தையல்: துணியும் படமும், புதுப்பிப்பு

எச்சூ ஃபுண்டோஷியை, அதாவது ஒரு பட்டைத் துணியும் இடுப்புக் கயிறும் மட்டுமே உள்ள ஜப்பானியக் கோவணத்தை, மெல்லிய துணிகளில் தைக்கப் போவதாக முன்பு எழுதியிருந்தேன். எந்தத் துணி சரிப்பட்டது, வெள்ளையை எப்படிப் படமெடுப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

வழக்கமான சராஷி, அதாவது வெளுத்த வெள்ளைப் பருத்தித் துணி, தறியிலேயே சுமார் 34 செ.மீ. அகலத்தில் வருவதால் இரு பக்கமும் கரை இருக்கும். ஒரு மீட்டர் வெட்டி, மேல் விளிம்பை மடித்துத் தைத்துக் கயிறு கோத்தால் வேலை முடிந்தது. இரண்டு மெல்லிய அடுக்காக நெய்த இரட்டை காஸ் துணியோ அகலத் தானிலிருந்து வெட்டுவது, ஓரம் பிரியும், பக்கங்களையும் மடித்தே ஆகவேண்டும். அதன் மென்மைக்கு அந்த உழைப்பு தகும். ஆனால் என் மனம் போனது சிஜிமி என்ற ராமி நார்த் துணியில்தான்: நிகாட்டா மாகாணத்து ஓஜியாவில் முறுக்கேற்றிய ஊடை நூலால் நெய்கிறார்கள், அலசும்போது அது சுருங்கி மேலெல்லாம் நுண்ணிய சுருக்கம் விழுகிறது, அதனால் வியர்த்தாலும் உடம்போடு ஒட்டாது. (2009-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்த கலை இது.)

படத்துக்கு ஆள் வேண்டாம், மூங்கில் கழியில் தொங்கவிட்டால் போதும். பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சுருக்கம் தெளிவாகத் தெரிகிறது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் துணி எவ்வளவு மெல்லியது என்று புரியும். கேமரா வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள்.

அடுத்து ரொக்குஷாக்கு என்ற இன்னொரு வகை ஃபுண்டோஷி. சுமார் 2.3 மீட்டர், கயிறே கிடையாது, முறுக்கிக் கட்டுவதுதான்.