யாழ்ப்பாணம் (பலாலி) – திருச்சி விமானத்தில் போய் வந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம். அம்மம்மாவைத் திருச்சிக்குக் கூட்டிப் போகிறேன். ஸ்ரீரங்கம் பார்ப்பது அவரின் நெடுநாள் ஆசை. பலாலியிலிருந்து திருச்சி நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீட்டர்தான், சென்னை என்றால் 350ஐத் தாண்டும். கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையம் போய் ஏறுவதென்றால் ஓர் இரவு முழுக்க பஸ். அந்த உடம்பு தாங்காது.

"எவ்வளவு நேரம் பறக்கும், மோனை?" என்று தினமும் கேட்கிறார். ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானம், ஒரு மணித்தியாலம் அளவில் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானா? கதவு மூடியதிலிருந்து இறங்கும் வரை உண்மையில் எவ்வளவு நேரம் போனது?

அப்புறம், முக்கியமானது: முழங்கால் வருத்தம், படி ஏற மாட்டார். பலாலியில் சக்கர நாற்காலியோடு விமானத்துக்குள் எப்படி ஏற்றுகிறார்கள்? முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமா? வயதானவர்களோடு போனவர்கள் தயவுசெய்து எழுதுங்கோ.