தாய்லாந்து பச்சைக் கறி குருமாவாகிவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம். தாய்லாந்து பச்சைக் கறி (கிரீன் கறி) விழுதை வீட்டிலேயே அரைத்து இரண்டு தடவை செய்தேன். இரண்டு தடவையும் குருமாதான் வந்தது. வீட்டில் சப்பாத்தி கேட்டார்கள்!

பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி விதை, சீரகம், வெள்ளை மிளகு எல்லாம் இருக்கிறது. கீரைக்காரம்மாவிடம் சொல்லி வேரோடு கொத்தமல்லியும் வாங்கிவிட்டேன். எலுமிச்சைப்புல் மாடித் தொட்டியிலேயே வளர்கிறது. சிக்கல் அரத்தையில்தான். தாய்லாந்துக்காரர்கள் அதைப் பச்சையாகப் போடுவார்கள், அதற்குப் பதிலாக நான் இஞ்சி போட்டேன். காரம் வந்தது, அந்த வாசனை வரவில்லை. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் காய்ந்த சித்தரத்தையை ஊறவைத்து அரைக்கலாமா? கஷாய வாடை அடிக்குமோ என்று பயம்.

அவர்கள் வாசனைக்குப் போடும் மக்ரூட் எலுமிச்சை இலைக்குப் பதிலாக நார்த்தை இளந்தளிர் யாராவது போட்டுப் பார்த்தீர்களா? நடு நரம்பைக் கிள்ளிவிட்டு மெல்லிசாக நறுக்கினால் போதுமா?

அப்புறம் இறால் விழுது. மாமியார் சைவம், அதனால் புளித்த சோயா விழுது சேர்க்க நினைக்கிறேன். அரை கப் மசாலாவுக்கு எத்தனை ஸ்பூன்?

மசாமன் கறி என்ற இன்னொரு தாய்லாந்து கறி பரவாயில்லை, பட்டை கிராம்பு ஏலக்காய் நம் கைக்குப் பழகியவை. பச்சைக் கறி செய்தவர்கள் அளவோடு சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அரைக்கப் போகிறேன்.